தங்கச்சிமடத்து மாடி வீடு: 12,000 ரூபாயும் ஒரு நீலப் பையும்

என் மாமியார் பத்து மாதம் தன் சேலைகளைப் பையிலேயே வைத்திருந்தார். அலமாரியில் அவருக்கென்று இரண்டு தட்டு ஒதுக்கிக் கொடுத்திருந்தோம். அதில் மூக்குக் கண்ணாடியும் மாத்திரை டப்பாவும் மட்டும்தான் இருக்கும். மற்றதெல்லாம் சுவரோரம் கிடந்த ஜிப் வைத்த நீலப் பைக்குள். ஏன் அத்தை என்று கேட்டால், "இருக்கட்டும்மா, யாரு வீட்டுலயோ வந்து தங்கியிருக்கிற மாதிரிதான இருக்கு, எதுக்கு எடுத்து வச்சுக்கிட்டு" என்பார். அவர் சொன்னது எனக்கும் உண்மையாகத்தான் பட்டது. அந்த வீட்டில் நாங்கள் நான்கு பேரும், என் நாலு வயது மகள் உட்பட, ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவர்கள் போலத்தான் இருந்தோம்.

அந்தப் பை எப்படிக் காலியானது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டுக்கென்று ஒதுக்கிய 12,000 ரூபாயில் எவ்வளவு செலவு, எதில் பணம் வீணானது, எது வேலை செய்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் கடலோரத்தில் வாடகை வீட்டுக்கு வருகிறவர்களுக்கு கடலில்லாத ஊர்களுக்கான வீட்டு அலங்கார யோசனைகள் பாதி ஒத்துவராது. உப்பும் காற்றும் இங்கே உங்களுக்கு முன்னாடியே குடியிருக்கின்றன. அவற்றோடு ஒரு உடன்பாட்டுக்கு வராமல் எதை வாங்கி மாட்டினாலும் அது நிற்காது. எனக்கு இது புரிய 3,490 ரூபாய் செலவானது.

வீடும் ஒப்பந்தமும்

கணவருக்கு ராமேஸ்வரத்துக்கு வேலை மாற்றம் வந்தது 2024 ஜூனில். நாங்கள் பரமக்குடிக்காரர்கள். ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றி வாடகை கட்டுப்படியாகவில்லை, அதனால் அதே தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் ஒரு மாடி வீடு பார்த்தோம். ஒரு ஹால், ஒரு அறை, அடுப்படி, பின்னால் துணி காயப்போட ஒரு சின்ன மொட்டைமாடித் துண்டு. வாடகை 6,500. கீழே வீட்டு உரிமையாளர் பெரியம்மா தனியாக இருக்கிறார். அவர் கேட்ட முன்பணம் 30,000. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டு எழுதினால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. இதைக் கணவர் மெதுவாகச் சொன்னதும் பெரியம்மா கோபப்படவில்லை. 19,500-ஐ 20,000 ஆக்கி முடித்துக்கொண்டோம்.

இதே சட்டத்தின் பின்னிணைப்பில் யார் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கொசுவலை போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. அப்போது இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பின்னால் இதுதான் கைகொடுத்தது. இன்னொன்றும் செய்தோம்: சாமான் இறக்குவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து அன்றைக்கே பெரியம்மாவின் மகனுக்கும் அனுப்பிவிட்டோம். வாடகை வீட்டில் எதையும் தொடுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இது. காலி செய்யும்போது முன்பணத்தில் எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது என்ற பேச்சு வந்தால் அந்தப் படங்கள்தான் பேசும்.

பெரியம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "செவத்துல ஆணி மட்டும் அடிச்சிராத தாயி, பொலபொலன்னு கொட்டிரும்."

முதல் நான்கு மாதம் நான் செய்தது

மேற்குச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு பெயின்ட் பொரிந்து நின்றது. விரலால் தொட்டால் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டும். பார்க்கவே மனது கெட்டுப்போகும், அதனால் அதை மறைப்பதுதான் முதல் வேலை என்று நினைத்தேன். ஆன்லைனில் செங்கல் டிசைன் போட்ட ஒட்டும் சுவர் ஸ்டிக்கர் 2,640 ரூபாய்க்கு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மூன்று பேர் நின்று ஒட்டினோம். கூடவே தங்க நிறத்தில் முலாம் பூசின இரும்புத் திரைக்கம்பிகள், 850 ரூபாய், ஆணி அடிக்காமல் ஜன்னல் சட்டத்திலேயே முடுக்கிக்கொள்கிற மாதிரி.

மூன்றாவது வாரமே ஸ்டிக்கரின் கீழ் ஓரம் உப்பிக்கொண்டு வந்தது. கையால் அழுத்தினால் உள்ளே மணல் நகர்வது போல ஒரு சத்தம். ஆகஸ்டில் நடுவில் கொப்புளம். அப்புறம் 2024 நவம்பர் 20. அந்தத் தேதியை இந்தத் தீவில் யாரும் மறக்க மாட்டார்கள், ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், சுவர் வெளிப்பக்கமாக நாள் முழுக்க நனைந்தது. அடுத்த இரண்டு நாளில் ஸ்டிக்கர் தன் எடையிலேயே சரிந்து விழுந்தது, விழும்போது பின்னால் இருந்த பெயின்டையும் உரித்துக்கொண்டு வந்தது. திரைக்கம்பி ஏற்கனவே துருப்பிடித்து, திரைத்துணியில் காவி நிறத்தில் வளையம் வளையமாகக் கறை.

ஏன் இப்படி என்று பெரியம்மா வீட்டுக்கு வெள்ளையடிக்க வருகிற கொத்தனாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சுவருக்குள் உப்பு இருக்கிறது. கட்டும்போது கலந்த மணலிலோ தண்ணீரிலோ வந்திருக்கலாம், காற்றிலிருந்தும் படியும். உப்பு தண்ணீரில் கரைந்து சுவரின் மேற்பரப்புக்கு வருகிறது, தண்ணீர் ஆவியானதும் உப்பு அங்கேயே பூத்து, பூக்கும்போது இடம் தேடி பூச்சைத் தள்ளுகிறது. அதைத்தான் பொரிவது என்கிறோம். இதன் மேல் பிளாஸ்டிக்கை ஒட்டினால் ஆவி வெளியேற வழியில்லை, ஈரம் முழுக்க ஸ்டிக்கருக்கும் சுவருக்கும் நடுவில் தங்கி, உப்பு அங்கேயே பூத்து எல்லாவற்றையும் உரித்துவிடும். நான் செய்தது புண்ணுக்கு மேல் பிளாஸ்திரி போட்டு ஈரத்தைப் பூட்டியது.

சுவர்

மழைக்காலம் முடிந்து சுவர் காயக் காத்திருந்தோம், ஜனவரி முழுவதும். இந்தக் காத்திருப்பு முக்கியம். ஈரச் சுவரில் எந்த வேலையும் செய்யக் கூடாது. பிப்ரவரியில் பெரியம்மாவிடம் போய் ஒப்பந்தத்தையும் காட்டி, சுவரையும் காட்டினேன். ஸ்டிக்கர் ஒட்டி பெயின்ட் உரிந்ததில் என் பங்கும் இருக்கிறது என்று நானே சொன்னேன், சொல்லாமல் இருந்தால் பிறகு முகம் பார்த்துப் பேச முடியாது. அவர் கொஞ்ச நேரம் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க ஆத்தா வீட்டுல எல்லாம் சுண்ணாம்புதான். பெயின்டு வந்த பெறகுதான் இந்தப் பொரியலு" என்றார். சுண்ணாம்புக்கும் ஒருநாள் கூலிக்கும் 1,400 ரூபாய் அவரே கொடுத்தார். வேலையில் பாதியை நானும் கணவரும் செய்தோம்.

செய்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மற்றதெல்லாம் ரசனை, அவரவர் விருப்பம். சுவர் அப்படி இல்லை, அதில் முறை தப்பினால் கூலியும் நாளும் சேர்ந்து போகும். முதலில் பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், பிளாஸ்டிக் பெயின்ட் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே விழுந்ததைக் கூட்டி வெளியே கொண்டுபோய்ப் போட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். சுண்ணாம்புத் தூளை முந்தின நாளே ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். இங்கே ஒரு சங்கதி: எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு. அதில் கரைத்தால் நாமே உப்பைச் சுவரில் பூசின மாதிரி ஆகிவிடும் என்று கொத்தனார் கண்டிப்பாகச் சொன்னதால், குடத்தில் பிடித்து வைத்திருந்த குடிதண்ணீரில்தான் கரைத்தோம். சுவரை லேசாக நனைத்துவிட்டு மெல்லிசாக மூன்று கை, ஒவ்வொரு கைக்கும் நடுவில் ஒருநாள் இடைவெளி. அடிக்கும்போது தண்ணீர் மாதிரி தெரியும், ஒன்றுமே பிடிக்கவில்லையோ என்று பயம் வரும். காயக் காயத்தான் வெளுக்கும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகுவதற்கு நேரம் எடுக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தையை அந்த மூன்று நாளும் கீழே பெரியம்மாவிடம் விட்டுவிட்டேன்.

சுண்ணாம்பு உப்பைக் குணப்படுத்தாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது மூச்சுவிடும், ஈரம் வெளியே போகும், உப்பு வந்தாலும் மேலே பொடியாகத்தான் வரும், கூட்டித் தள்ளிவிட்டு அந்த இடத்தில் மட்டும் இன்னொரு கை அடித்தால் போதும். அரைமணி நேர வேலை, பத்து இருபது ரூபாய்ச் செலவு.

கீழ் இரண்டடிக்கு மட்டும் சுண்ணாம்பில் காவி கலந்து ஒரு பட்டை அடித்தோம். உப்பு பூக்கிற இடமும் அதுதான், குழந்தை கைவைக்கிற இடமும் அதுதான். மேலே வெள்ளை, கீழே செங்காவி. மூன்றாம் நாள் மாலை பெரியம்மா மாடியேறி வந்து வாசலிலேயே நின்று பார்த்தார். அவருடைய அம்மா வீட்டில் இப்படித்தான் இருந்ததாம். அன்றைக்கு ராத்திரி எங்களுக்குக் கணவாய்க் குழம்பு வந்தது.

சேலைத் திரை

இதுதான் திருப்பம். பணத்தால் வந்ததல்ல.

ஹால் ஜன்னல் தென்மேற்கு பார்த்தது. ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது அந்த ஜன்னல் வழியாகக் காற்று நேராக உள்ளே பாயும், மணலோடு சேர்த்து. மூடினால் புழுக்கம், திறந்தால் காலண்டர் பறக்கும். காற்றைத் தடுக்காமல் தணிக்கிற மாதிரி ஒரு திரை வேண்டும். சிந்தெடிக் துணி பாய்மரம் போல உப்பிக்கொள்ளும், நெருக்கமில்லாத கைத்தறிப் பருத்திதான் காற்றை வடிகட்டி விடும். நான் துணி வாங்கப் போவதாகச் சொன்னபோது அத்தை ஒன்றும் பேசாமல் அந்த நீலப் பையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு சேலையை எடுத்தார். அரக்குக் கரை வைத்த மாம்பழ மஞ்சள். மாமா தறியில் நெய்தது. பரமக்குடி, எமனேஸ்வரம் பக்கம் தறிச்சத்தம் இல்லாத தெரு அன்றைக்குக் கிடையாது, மாமாவும் நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். இறந்து ஏழு வருடம் ஆகிறது.

"வெட்டிராதம்மா" என்று மட்டும் சொன்னார்.

வெட்டவில்லை. ஐந்தரை மீட்டர் சேலையை நடுவில் மடித்துக் கயிற்றின் மேல் போட்டால் ஜன்னலின் இரண்டு பக்கத்துக்கும் சரியாக வந்தது. வெயிலில் சாயம் போகாமல் இருக்க வெளிப்பக்கம் கணவருடைய பழைய வேட்டியைத் தையல்காரரிடம் கொடுத்து உள்துணியாகப் பெரிய தையலில் தைத்துவாங்கினோம், பிரித்தால் சேலை சேலையாகவே இருக்கும். இரும்புக் கம்பிக்குப் பதில் படகுக்காரர்கள் கட்டுகிற நைலான் கயிறு, ஸ்டீல் கொக்கி. காற்றில் பறக்காமல் இருக்க கீழ் ஓரத்தில் பாரம் வேண்டும் என்றதும் பக்கத்து வீட்டு அண்ணன் வலையில் கோக்கிற ஈயக்குண்டுகளை ஒரு கை அள்ளிக் கொடுத்தார். நல்ல மனது, ஆனால் வீட்டில் எதையும் வாயில் வைக்கிற குழந்தை இருக்கிறது, ஈயம் விஷம். அவரிடமே சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, 60 ரூபாய்க்குக் கோலிக்குண்டு வாங்கி மடிப்புக்குள் ஒவ்வொன்றாக வைத்துத் தைத்தோம். கயிறு, கொக்கி, தையல், கோலி எல்லாம் சேர்த்து 790 ரூபாய். சாயங்காலம் காற்று வரும்போது கோலிகள் ஒன்றோடொன்று மோதி மெதுவாக ஒரு சத்தம் வரும். அது இப்போது எங்கள் வீட்டுச் சத்தம்.

அடுத்த வாரம் அறை ஜன்னலுக்கு இன்னொரு சேலை வந்தது, அப்புறம் அடுப்படித் தடுப்புக்கு ஒரு பழைய சுங்குடி. பை இளைக்கத் தொடங்கியது அப்படித்தான்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் நேராக அடிக்கும் மே மாதத்துக்காகப் பனை ஓலைத் தட்டி இரண்டு கட்டினோம், 500 ரூபாய். மதியம் தண்ணீர் தெளித்துவிட்டால் உள்ளே வருகிற காற்றில் ஓலை வாசம் இருக்கும். அடுப்படி ஜன்னலில் மட்டும் கட்டாதீர்கள், காய்ந்த ஓலை தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

வெளிச்சம்

முதல் மாதமே செய்திருக்க வேண்டிய வேலை, எட்டாவது மாதம் செய்தோம். வீட்டில் இருந்தது விட்டத்தில் ஒட்டிய ஒரே ஒரு வெள்ளை டியூப். அந்த வெளிச்சத்தில் எந்த வீடும் கிளினிக் போலத்தான் தெரியும். பல்ப் டப்பாவில் கெல்வின் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 6,500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, 2,700 முதல் 3,000 வரை என்றால் விளக்கு மஞ்சள். நான் 9 வாட்டில் மஞ்சள் எல்.இ.டி. பல்ப் ஐந்து வாங்கினேன், 550. பிளக்கில் செருகும் ஒயரோடு கூடிய ஹோல்டர்கள் 320. கவிழ்த்து விளக்குக் கூடாக்க இரண்டு பனை ஓலைக் கொட்டான், அதாவது சின்னக் கூடை, 240. சுவரில் ஒயர் இழுக்கவில்லை, ஆணி இல்லை. ஹாலின் நடுவில் பழைய தொட்டில் கொக்கி ஒன்று இருந்தது, என் மகளுக்கு அது தேவையில்லாத வயது, அதில் ஒரு கொட்டான் விளக்கு. இன்னொன்று மூலையில் தரைக்குப் பக்கமாக, சுவரைப் பார்த்து. ஓலையின் பின்னல் நிழல் சுண்ணாம்புச் சுவரில் விழும்போது அந்தச் சுவரை மறைக்க ஒரு காலத்தில் நான் பட்ட பாடு நினைவுக்கு வரும். ஓலைக்குள் எல்.இ.டி. மட்டும்தான் போடவேண்டும், சூடேறும் குண்டு பல்ப் கூடவே கூடாது.

மின்கட்டணம் பற்றி அத்தை கவலைப்பட்டார். ஐந்தும் சேர்ந்து 45 வாட், தினம் நாலு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 11 யூனிட். டியூபையும் கழற்றவில்லை, மகள் எழுதிப் பழகும்போது அது வேண்டும்.

உட்கார, படுக்க

சோபா வாங்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. தவணையில் கிடைக்கும்தான். வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன், இப்போதும் அதுதான் என் கருத்து. கடற்காற்றில் உப்பு இருக்கிறது, உப்பு ஈரத்தை இழுக்கும், அதனால்தான் இங்கே சாயங்காலமானால் மேஜை, தலையணை, துணி எல்லாமே லேசாகப் பிசுபிசுக்கும். துவைக்கவோ வெயிலில் போடவோ முடியாத எதுவும் இந்த ஊரில் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. ஃபோம் வைத்த சோபா ஒரே மழைக்காலத்தில் வாசம் வந்துவிடும். காலி செய்து போகும்போது மாடிப்படியில் இறக்குவது வேறு.

எனவே தரைதான். பெரிய பனை ஓலைப் பாய் ஒன்று 450, கோரைப்பாய் இரண்டு 700. பாயின் மேல் சாய்ந்துகொள்ளத் திண்டுகள், பழைய சேலை உறை, உள்ளே போடிப் பக்கத்திலிருந்து வருகிற இலவம்பஞ்சு, எல்லாம் சேர்த்து 1,500. இதுதான் பட்டியலிலேயே பெரிய செலவு, ஆனால் தினமும் பயன்படுகிறது. மாதம் ஒருமுறை மொட்டைமாடியில் வெயிலில் போட்டுத் தட்டினால் புதுசு மாதிரி பொங்கி வரும்.

அத்தைக்குத் தரையில் உட்கார்ந்து எழ முடியாது, முட்டி வலி. அவருக்கு ஒரு இடம் வேண்டும் என்பது எங்களுக்குப் பல மாதம் தோன்றவே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தம். ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பரமக்குடி வீட்டு மாடிப்படிக்குக் கீழே அவருடைய பழைய கட்டில் கயிறு அறுந்து கிடந்தது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து ரயில் மறுபடி தீவுக்குள் வர ஆரம்பித்ததும் நாங்கள் போய்வருவது சுலபமானது, ஆனால் கட்டில் சட்டத்தை ரயிலில் ஏற்ற முடியாது, தெரிந்தவருடைய சரக்கு வண்டியில் 300 ரூபாய் கொடுத்து வந்து சேர்ந்தது. அந்த நேரம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஈயக்குண்டு கொடுத்த அதே அண்ணன் வீட்டு வாசலில் வலை கட்டிக்கொண்டு இருந்தார். 600 ரூபாய்க் கயிறு வாங்கிக் கொடுத்தேன், இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து கட்டிலைப் பின்னித் தந்தார், தொய்வே இல்லாத பின்னல். காசு வேண்டாம் என்றார், வேலை இல்லாத மாதம் என்று தெரிந்தும் சும்மா வாங்கிக்கொள்ள மனது வரவில்லை, 500 ரூபாயை அவர் மனைவியிடம் கொடுத்தேன்.

கட்டிலை மாம்பழ மஞ்சள் திரை போட்ட ஜன்னலோரம் போட்டோம். இரண்டாம் நாள் காலையில் பார்க்கிறேன், அலமாரியின் இரண்டு தட்டிலும் சேலைகள் அடுக்கியிருக்கின்றன. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கடலிலிருந்து வீட்டுக்குள் எது வரலாம்

புத்தகம், மகளுடைய பொம்மை, ரேடியோ எல்லாம் வைக்க வத்தை என்கிற ஒரு பழைய நாட்டுப்படகின் பலகை கிடைத்தது. கரையில் உடைத்துப் போட்டிருந்ததை உரிமையாளரிடம் கேட்டு 700 ரூபாய்க்கு வாங்கினோம். தச்சருக்கு 500, கால் வைத்துத் தந்தார், சுவரில் மாட்டாத, தரையில் நிற்கிற அலமாரி. நீலப் பெயின்ட் அங்கங்கே உரிந்த அந்தப் பலகையை நான் மறுபடி பெயின்ட் அடிக்கவில்லை. பல வருடம் உப்புத்தண்ணீரில் கிடந்த மரம், இனி எங்கள் வீட்டு ஈரம் அதை ஒன்றும் செய்யாது.

ஷோகேஸில் வைக்கப் பவளப்பாறைத் துண்டு கொண்டுவந்து தரவா என்று ஒரு சொந்தக்காரப் பையன் கேட்டான். வேண்டவே வேண்டாம் என்றேன். அது கல் அல்ல, உயிர்கள் கட்டின கூடு. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளமும் கடல்விசிறியும் புலிக்கு நிகராகப் பாதுகாக்கப்பட்டவை, வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கினதே இவற்றைக் காப்பாற்றத்தான். கடலோர வீடு என்று காட்டக் கடலை உடைத்துக் கொண்டுவர வேண்டியதில்லை. எங்கள் ஜன்னல் கம்பியில் தொங்குவது கரையில் ஒதுங்கிக் கிடந்த அறுந்த வலை மிதவைகள் நாலு. அவை கரையில் கிடப்பதைவிட இங்கே இருப்பது நல்லது.

செடிக்குத் தங்கச்சிமடத்தை விட நல்ல ஊர் கிடையாது. இங்கிருந்துதான் பல ஊர்களுக்கு மல்லிகை நாற்று போகிறது, இந்த மணலில் அது அப்படி வேர்விடுகிறது. காலிப் பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டு மல்லி, கற்றாழை, நித்தியகல்யாணி வைத்தேன், 400 ரூபாய். கற்றாழையும் நித்தியகல்யாணியும் உப்புக்காற்றைப் பொருட்படுத்தாது. மல்லிக்கு அரிசி கழுவின தண்ணீர், அதுவும் காற்று படாத மூலையில். தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷினிலிருந்து கழிவாக வரும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் யோசிக்க வேண்டும், இந்த ஊர்த் தண்ணீரில் அந்தக் கழிவில்தான் உப்பு முழுக்கச் சேர்ந்திருக்கும். அது பாத்ரூம் கழுவத்தான் சரி.

மாமாவின் போட்டோவுக்குச் சட்டம் மாற்றும்போது ஒரு பாடம். பழைய சட்டத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு முகத்தில் ஒரு ஓரம் உரிந்துவிட்டது, ஈரம் செய்த வேலை. நல்லவேளையாக இன்னொரு பிரதி இருந்தது. இப்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டைச் சட்டம் ஒன்று வைத்து இடைவெளி விட்டிருக்கிறோம். படம் வத்தைப் பலகையில் சாய்ந்து நிற்கிறது, சுவரில் அல்ல.

கணக்கு

விளக்குக்கு 1,110, திரைக்கு 790, தட்டிக்கு 500, பாய்க்கு 1,150, திண்டுக்கு 1,500, கட்டிலுக்கு 1,400, பலகைக்கு 1,200, செடிக்கு 400. ஆக 8,050. வீணாய்ப் போன ஸ்டிக்கரும் கம்பியும் 3,490. மொத்தம் 11,540, ஒதுக்கிய 12,000-இல் 460 மிச்சம். அந்த 8,050-இல் செடி, தட்டி தவிர மற்ற எல்லாமே நாளைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தாலும் எங்களோடு வரும். சுவரில் போட்ட 1,400 மட்டும் வீட்டோடு நிற்கும், அது பெரியம்மாவின் பணம், பெரியம்மாவின் சுவர்.

இந்த வருடம் அக்டோபர் மழைக்குப் பிறகு காவிப் பட்டையில் ஒரு முழ நீளத்துக்கு மறுபடி உப்பு பூத்தது. அத்தைதான் முதலில் பார்த்தார். "நம்ம செவத்துல திரும்ப வந்துருச்சும்மா" என்றார். காயட்டும் என்று விட்டிருந்தோம். நேற்று காலையில் பிரஷ்ஷால் தட்டிக் கூட்டிவிட்டேன், ராத்திரி ஒரு கிலோ சுண்ணாம்பு ஊறப்போட்டிருக்கிறது. அந்த நீலப் பையில் இப்போது மகளுக்குச் சின்னதாகிப்போன கவுன்கள் இருக்கின்றன, பரண்மேல்.